கணக்கில் சிக்கல் தீர்த்தல்: ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். ஆய்வு சொல்வதையும் என் கருத்தையும் கூடியவரை பிரித்தே எழுதியிருக்கிறேன்.

பயிற்சிக் கணக்கு, சிக்கல் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. வழி தெரிந்து போடுவது பயிற்சி. எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் நிற்க வைப்பது சிக்கல். ஓர் அறையில் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஒரு முறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்? பதினோராம் வகுப்பில் சேர்வுகள் பாடம் படித்த மாணவிக்கு இது ஒரு வரி வேலை. ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு அரை மணி நேரம் ஆகும். படம் வரைவான், மூன்று பேரை வைத்துப் பார்ப்பான், ஒரே கைகுலுக்கலை இரண்டு தடவை எண்ணிவிட்டதைக் கண்டுபிடிப்பான். ஆகவே ஒரு கணக்கு சிக்கலா என்பதை, அதைப் போடுகிற ஆளையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஏழு இலக்க எண்ணை ஏழு இலக்க எண்ணால் பெருக்குவது கஷ்டம்தான்; ஆனால் வழி தெரியும் என்பதால் அது பயிற்சிதான்.

பி.எட். படிக்கும்போது போல்யாவின் நான்கு படிகளை மனப்பாடம் செய்தோம். அது இன்னும் செல்லுபடியாகுமா?

கணக்கைப் புரிந்துகொள், திட்டமிடு, நிறைவேற்று, திரும்பிப் பார். புடாபெஸ்ட்டில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா 1945-ல் எழுதியது. (கணிதவியலாளர் ஹடமார்ட், உளவியலாளர்கள் வெர்த்தைமர், டுங்க்கர் ஆகிய மூவரும் மனிதர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது பற்றி எழுதியவை ஆங்கிலத்தில் வெளிவந்ததும் அதே 1945-ல்தான். உலகப் போர் முடிந்த வருஷத்தில் இத்தனை பேர் இதையே யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.)

படிகளில் தப்பில்லை. அவற்றைச் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்ததில்தான் தப்பு. அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசியக் கவுன்சில், 1980களில் பள்ளிக் கணிதத்தின் மையமாக சிக்கல் தீர்த்தலே இருக்க வேண்டும் என்று 1980-ல் அறிவித்தது. அதன் பிறகு 'படம் வரை', 'பட்டியல் போடு', 'பின்னாலிருந்து வா' என்று உத்திக்கு ஒரு பாடமாகப் பாடநூல்களில் வரத் தொடங்கியது. 'பட்டியல் போடு' பாடத்தில் இருக்கும் எல்லாக் கணக்குக்கும் பட்டியல் போட்டால் விடை வந்துவிடும். அப்புறம் அங்கே யோசிக்க என்ன இருக்கிறது? உத்தியே இன்னொரு ஃபார்முலா ஆகிவிட்டது.

இதற்கு எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. எட்வர்ட் பெகல் என்ற கணிதக் கல்வியாளர் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார். எந்த உத்தி உதவும் என்பது கணக்குக்குக் கணக்கு, மாணவருக்கு மாணவர் மாறிக்கொண்டே இருந்தது. எல்லோருக்கும் சொல்லித்தரக்கூடிய ஒன்றிரண்டு உத்திகள் கிடைத்துவிடும் என்று நம்புவது ரொம்பவும் எளிமையான பார்வை என்பது, 1979-ல் வெளிவந்த அந்தத் தொகுப்பில் அவர் வந்த முடிவு.

'இதைவிட எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்' என்ற உத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்களைச் சிறிதாக்குவதா, ஒரு நிபந்தனையை விட்டுவிடுவதா, கனசதுரத்துக்குப் பதில் சதுரத்தை வைத்து யோசிப்பதா? ஒரே பெயருக்குள் பல வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றை ஏற்கெனவே செய்யத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பெயர் உதவும்.

நான்காவது படி நம் வகுப்புகளில் 'விடையைச் சரிபார்' என்று சுருங்கிவிட்டது. வேறு வழியில் போட முடியுமா, இந்த முறை இன்னொரு கணக்குக்கு உதவுமா என்ற கேள்விகளும் போல்யாவின் பட்டியலில் இருந்தன. பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது முதலில் வெட்டப்படுவது இவைதான்.

போல்யாவுக்குப் பிறகு ஆய்வு எந்தப் பக்கம் திரும்பியது?

பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்கும் பக்கம். இதில் பெரிய பெயர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய ஆலன் ஷோன்ஃபெல்ட். அவருடைய முக்கியமான நூல் 1985-ல் வந்தது. மாணவர்கள் கணக்கோடு மல்லுக்கட்டுவதை வீடியோ எடுத்து நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்த்தார். நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள். சுமார் 60 சதவீதத்தில் ஒரே கதைதான். கேள்வியைப் படித்தார்கள், சட்டென்று ஒரு வழியைப் பிடித்தார்கள், நேரம் முடியும்வரை அதிலேயே ஓடினார்கள். இடையில் நின்று 'இது எங்கே போகிறது?' என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு கணிதவியலாளருக்கும் பழக்கமில்லாத வடிவியல் கணக்கைக் கொடுத்தார். அவர் வடிவியலைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் தீர்த்தார். எழுதியதைவிட யோசித்த நேரமே அதிகம். பலிக்காது என்று தெரிந்த வழியைச் சீக்கிரமே கைவிட்டார்.

இதிலிருந்து ஷோன்ஃபெல்ட் நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்: கையில் இருக்கும் கணித அறிவு, தெரிந்த உத்திகள், தன் போக்கைத் தானே கவனித்துத் திருப்பிக்கொள்வது, கணிதம் என்றால் என்ன என்பது பற்றி ஆழ்மனதில் இருக்கும் நம்பிக்கை. மூன்றாவதை வளர்க்க அவர் செய்தது எளிமையான காரியம். மாணவர்கள் குழுவாகக் கணக்குப் போடும்போது சுற்றி வந்து மூன்றே கேள்விகள் கேட்பார். என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? ஏன் அதைச் செய்கிறீர்கள்? அது எப்படி உதவப்போகிறது? முதலில் விழிப்பார்கள். வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தால் தங்களுக்குள்ளேயே கேட்கத் தொடங்குவார்கள். அவருடைய வகுப்பின் முடிவில், பிடித்த வழியை விடாமல் ஓடும் பழக்கம் 20 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

நான்காவது விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஒரு வீட்டுக்கணக்கைப் போட எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கேட்டபோது, சராசரி பதில் இரண்டு நிமிடம். எவ்வளவு நேரம் முயன்றும் வராவிட்டால் இது முடியாத கணக்கு என்று விட்டுவிடலாம்? சராசரி 12 நிமிடம். புக் பேக் கேள்விகளுக்கும் ஸ்டெப் மார்க்குக்கும் பழகிய நம் வகுப்புகளில் 12 நிமிடம் என்பதே தாராளம்.

என் மகளுக்குக் கூட்டல், கழித்தல், வகுத்தல் எல்லாம் நன்றாக வரும். வாக்கியக் கணக்கு என்றால் மட்டும் குழம்புகிறாள். படித்துப் புரிந்துகொள்ளத் தெரியவில்லையா?

வாசிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஆய்வுகளில் அதைவிடச் சுவாரஸ்யமான ஒன்று வெளிவந்திருக்கிறது.

பிரான்ஸின் கிரெனோபில் நகரத்தில் ஓர் ஆய்வுக் குழு 1980 வாக்கில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் இப்படி ஒரு கணக்கைக் கொடுத்தது. ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் வயதைச் சொன்னார்கள். கூட்டினால் 36 வருகிறது, ஒரு கப்பல் தலைவருக்குப் பொருத்தமான வயதுதான்! 2018-ல் சீனாவில் ஒரு தேர்வில் இதே கணக்கு வந்து, சமூக ஊடகங்களில் பெரிய பேச்சானது.

அந்த 76 பேரும் மக்குப் பிள்ளைகள் இல்லை. வகுப்பறையின் எழுதப்படாத விதிகளைச் சரியாகப் படித்துக்கொண்டவர்கள். ஆசிரியர் கேட்டால் விடை இருக்கும். கொடுத்த எண்கள் எல்லாவற்றையும் பயன்படுத்த வேண்டும். இந்த வாரம் நடத்திய பாடம் எதுவோ அதுதான் முறை. கதையில் வரும் ஆளையும் ஆட்டையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிரெஞ்சுக் கணிதக் கல்வியாளர் கீ ப்ரூஸோ இதைக் கற்பித்தல் ஒப்பந்தம் என்று அழைத்தார். கையெழுத்துப் போடாத ஒப்பந்தம், ஆனால் இரண்டு தரப்பும் மீறுவதில்லை.

இதே கதை பெரிய பிள்ளைகளிடமும் உண்டு. அமெரிக்காவில் 13 வயதினருக்கு நடந்த தேசிய மதிப்பீட்டில் ஒரு கேள்வி: ஒரு ராணுவப் பேருந்தில் 36 வீரர்கள் போகலாம்; 1,128 வீரர்களை அழைத்துப்போக எத்தனை பேருந்துகள் வேண்டும்? 1983-ல் வெளியான முடிவுகளின்படி 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். ஆனால் 32 என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். 29 சதவீதம் பேர் '31 மீதி 12' என்று எழுதினார்கள். இன்னும் 18 சதவீதம் பேர் 31 என்று எழுதி, 12 வீரர்களை ரோட்டிலேயே விட்டுவிட்டார்கள்.

பெல்ஜியத்தின் லூவனில் வெர்ஷாஃபெல், டி கோர்ட்டே குழுவினர் 1990களில் இதை முறையாகச் சோதித்தார்கள். 100 மீட்டரை 17 வினாடியில் ஓடுகிறவன் ஒரு கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓடுவான்? 170 வினாடி என்று கைகள் பறந்தன. அதே வேகத்தில் பத்து மடங்கு தூரம் ஓட முடியாது என்பது ஓடி விளையாடும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கணக்கு நோட்டைத் திறந்தால் அந்த அறிவு மூடிக்கொள்கிறது. பல நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதே முடிவுதான் வந்தது.

இதில் நாமும் ஒரு கை கொடுக்கிறோம். 'மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி, அதிகம் என்று வந்தால் கூட்டு' என்று சொல்லித் தருகிறோம். இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். ராணியிடம் 12 மாங்காய் இருக்கிறது. இது மீனாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். மீனாவிடம் எத்தனை? 'அதிகம்' என்ற சொல்லைப் பிடித்த பிள்ளை 17 என்று சொல்லும். கலிஃபோர்னியாவில் மேரி ஹெகார்ட்டி, ரிச்சர்ட் மேயர் குழுவினர் கண் அசைவைப் பதிவு செய்து 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தப்பாகப் போடுகிறவர்களின் கண் எண்களுக்கும் 'அதிகம், குறைவு' போன்ற சொற்களுக்கும் திரும்பத் திரும்பப் போகிறது. சரியாகப் போடுகிறவர்களின் கண், யாரிடம் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் இடங்களுக்குப் போகிறது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். எண்களை மறைத்துவிட்டுக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். 'இதில் என்ன நடக்கிறது? யாரிடம் அதிகம் இருக்கும்?' என்று கேளுங்கள். எண் இல்லாதபோது கூட்டுவதா கழிப்பதா என்று அவசரப்பட வழியில்லை. மாதம் ஒரு தடவையாவது விடை இல்லாத கணக்கு ஒன்றையும், தேவையில்லாத எண் கலந்த கணக்கு ஒன்றையும் கலந்து கொடுங்கள்.

காய்கறிக் கடையில் மனக்கணக்கில் பிரமாதமாக இருக்கிற பையன், வகுப்பில் ஏன் பூஜ்யம் வாங்குகிறான்?

பிரேசிலின் ரெசீஃபே நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து சிறுவர் சிறுமியரை வைத்து டெரெசின்யா நூனெஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கே பிறந்ததுபோல இருக்கும். ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களாகப் போய்க் கணக்குக் கேட்டபோது 98 சதவீதம் சரி. பிறகு அதே பிள்ளைகளிடம் அதே எண்களை வாக்கியக் கணக்காகக் கொடுத்தபோது 74 சதவீதம். வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்.

35 க்ரூஸேரோ (பிரேசிலின் அப்போதைய நாணயம்) விலையுள்ள தேங்காய் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு 12 வயதுப் பையன் சொன்ன வழி: மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, இன்னும் நான்கு வேண்டும், 315, பிறகு 350. 'பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் சேர்' என்ற பள்ளிச் சுருக்குவழி அவனுக்குத் தேவைப்படவில்லை. தேங்காய்களை மூன்று மூன்றாக விற்றுப் பழகிய கை அது.

இதைப் படித்துவிட்டு 'பள்ளியைச் சந்தைபோல மாற்றினால் போதும்' என்று பலர் உணர்ச்சிவசப்பட்டார்கள். அதற்கு 2025-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு கடிவாளம் போட்டது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டவர்கள் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைப் பார்த்தார்கள். கிலோ 20 ரூபாய் என்றால் 800 கிராம் உருளைக்கிழங்கு, கிலோ 15 ரூபாய் என்றால் 1.4 கிலோ வெங்காயம், இரண்டும் சேர்த்து எவ்வளவு என்ற மாதிரிக் கணக்குகளை வாயாலேயே போட்டவர்கள், பள்ளி முறையில் எழுதிக் கொடுத்த எளிய வகுத்தலில் தடுமாறினார்கள். சரி, பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள்? அவர்கள் பள்ளிக் கணக்கை ஓரளவு போட்டார்கள், சந்தைக் கணக்கில் படுத்துவிட்டார்கள். அறிவு இரண்டு பக்கமும் தாண்டவில்லை.

ஆகவே பாடநூலில் கடைப் படம் ஒன்றைப் போட்டுவிட்டால் பாலம் கட்டியதாகாது. பையன் கடையில் போடும் வழியையும் போர்டில் எழுதும் வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பேச வேண்டும். அதற்கு ஆசிரியர் முதலில் அவன் வழியைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

முதலில் முறையைச் சொல்லித்தர வேண்டுமா, திணற விட்டுப் பிறகு சொல்ல வேண்டுமா?

இந்தத் துறையின் நீண்டகாலச் சண்டை இது.

ஒரு பக்கம் ஆஸ்திரேலியாவின் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர். ஓர் எண்ணைக் கொடுத்து, 3-ஆல் பெருக்கலாம் அல்லது ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கழிக்கலாம், இந்த இரண்டை மட்டும் வைத்து இலக்கு எண்ணுக்குப் போ என்றார். மாணவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் பெருக்கல், கழித்தல் மாறி மாறி வந்தால் போதும் என்ற எளிய விதியைப் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. இலக்கைத் துரத்துவதிலேயே மூளையின் இடம் தீர்ந்துவிட்டது, கற்றுக்கொள்ள இடமில்லை. இதிலிருந்துதான் 1988-ல் அறிதல் சுமைக் கோட்பாடு வந்தது. புதிதாகக் கற்பவருக்குப் படிப்படியாகச் செய்து காட்டிய கணக்குகளே நல்லது என்பது அவர் கட்சி. கிர்ஷ்னர், கிளார்க் ஆகியோருடன் சேர்ந்து 2006-ல் எழுதிய கட்டுரையில் 'வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் வேலை செய்யாது' என்று அடித்தே சொன்னார்.

மறு பக்கம் மனு கபூர். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆய்வைத் தொடங்கி இப்போது சூரிக்கில் இருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் திட்டவிலக்கத்தைச் சொல்லித்தரும் முன்பே, சில கால்பந்து வீரர்கள் வருஷா வருஷம் போட்ட கோல் கணக்கைக் கொடுத்து, யார் நிலையாக ஆடுகிறார் என்று அளக்க ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்றார். யாருக்கும் சரியான சூத்திரம் வரவில்லை, வரும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. பிறகு ஆசிரியர் அவர்களுடைய வழிகளையே எடுத்து ஒப்பிட்டு, சரியான முறைக்குக் கொண்டுபோனார். நேரடியாகப் பாடம் கேட்டவர்களுக்கு இணையாக இவர்களும் கணக்குப் போட்டார்கள். 'ஏன் இந்தச் சூத்திரம்?' என்ற கேள்வியில் முன்னால் நின்றார்கள். இதற்கு அவர் வைத்த பெயர் பயன்தரும் தோல்வி.

அப்படியானால் யார் சொல்வது சரி? உற்றுப் பார்த்தால் இருவரும் மோதும் இடம் சிறியது. கபூரும் கடைசியில் ஆசிரியர் தெளிவாகச் சொல்லித்தர வேண்டும் என்கிறார். ஸ்வெல்லர் தரப்பும், மாணவர் தேறிய பிறகு செய்து காட்டும் கணக்குகள் பயனற்றுப்போகும், சில சமயம் தடையாகவே மாறும் என்று ஆய்வு செய்து ஒப்புக்கொண்டிருக்கிறது. கபூரும் தன்மய் சின்ஹாவும் 53 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியிட்ட கட்டுரையில், சிக்கலை முதலில் கொடுக்கும் முறைக்கு மிதமான ஆதாயம் தெரிந்தது. ஆனால் இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான சிறு பிள்ளைகளுக்கு அந்த ஆதாயம் இல்லை. 'திணற விடு' என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் உபதேசம் செய்கிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

என் பழக்கம் இது: புதிய கருத்து என்றால், எல்லோரும் ஏதாவது ஒன்றை முயலக்கூடிய கணக்காக இருந்தால் முதலில் திணற விடலாம். கையே வைக்க முடியாத கணக்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வெறும் நேர விரயம். சமன்பாட்டைத் தீர்ப்பது போன்ற செயல்முறை என்றால் செய்து காட்டிவிடுவதே மேல்.

ஜப்பான், சிங்கப்பூர் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அங்கே அப்படி என்ன செய்கிறார்கள்?

1995-ல் டிம்ஸ் என்ற சர்வதேச மதிப்பீட்டின் ஒரு பகுதியாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்று நாடுகளிலும் 231 எட்டாம் வகுப்புக் கணித வகுப்புகளைப் படம்பிடித்தார்கள். மாணவர்கள் தனியாக வேலை செய்யும் நேரத்தில் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 96 சதவீதம் பழகிய முறையைப் பயிற்சி செய்வதிலேயே போனது. ஜப்பானில் அது 41 சதவீதம்தான். இன்னொரு 44 சதவீத நேரத்தில் பிள்ளைகள் புதிதாக வழி கண்டுபிடிக்கவும் யோசிக்கவும் செய்தார்கள்.

ஜப்பானிய வகுப்பில் ஒரு பீரியடுக்குப் பெரும்பாலும் ஒரே கணக்கு. பிள்ளைகள் முயலும்போது ஆசிரியர் சுற்றி வந்து யார் என்ன வழியில் போகிறார்கள் என்று குறித்துக்கொள்வார். பிறகு எந்த வழியை முதலில் போர்டுக்கு அழைப்பது, எதை அடுத்து அழைப்பது என்று வரிசை வைத்து விவாதம் நடத்துவார். போர்டை இடையில் அழிக்க மாட்டார். பாடத்தின் முழுக் கதையும் கடைசியில் ஒரே பார்வையில் தெரியும். அங்கே நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புகளிலும் இது நடந்திருக்கிறது என்பதை, 'நம் வகுப்பில் கூட்டம் அதிகம்' என்று சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டும். நமக்கு இல்லாதது வேறொன்று. ஒரே பாடத்தைப் பல ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு உட்கார்ந்து பேசும் வழக்கம் அங்கே பல தலைமுறைகளாக இருக்கிறது.

சிங்கப்பூர் 1990 பாடத்திட்டத்திலேயே சிக்கல் தீர்த்தலை நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஐங்கோணமாகக் கருத்து, திறன், செயல்முறை, மனப்பான்மை, தன் சிந்தனையைத் தானே கவனித்தல் ஆகியவற்றை வைத்தது. அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு, அளவுகளைக் கட்டங்களாக வரைந்து கணக்குப் போடும் 'பட்டை மாதிரி' (bar model) முறை நன்றாகவே தெரிந்திருக்கும். கவிதாவிடம் இருப்பது பாலாவிடம் இருப்பதைப்போல மூன்று மடங்கு, இருவரிடமும் சேர்த்து 48 என்றால், பாலாவுக்கு ஒரு கட்டம், கவிதாவுக்கு மூன்று கட்டம். நான்கு கட்டம் 48, ஒரு கட்டம் 12. x என்று எழுதும் வயதுக்கு முன்பே இயற்கணிதம் கண்ணுக்குத் தெரிகிறது. டியூஷனில் 'இந்த வகைக் கணக்குக்கு இந்தப் பட்டை' என்று மனப்பாடம் செய்ய வைத்தால் அதுவும் இன்னொரு ஃபார்முலாதான்.

தமிழ்நாடு ஒரு சர்வதேசத் தேர்வில் கடைசிக்கு அருகில் வந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார அமைப்பான ஓஇசிடி, 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் தேர்வு பீசா. அதன் 2009 சுற்றோடு சேர்ந்த நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. கணிதத்தில் தமிழ்நாட்டின் சராசரி 351, ஓஇசிடி சராசரி 496. பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளில் 72-வது இடம். கேள்விகளின் சூழல் நம் பிள்ளைகளுக்கு அந்நியம் என்று சொல்லி இந்தியா அதன் பிறகு ஒதுங்கிக்கொண்டது. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் பீசா கேட்பது பாடத்தில் பார்க்காத சூழலில் பள்ளிக் கணிதத்தைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்பதைத்தான். பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் கட்டாய வினாவைப் பார்த்ததும் வகுப்பே நடுங்குகிறதே, அதுவும் இதே நோய்தான்.

இந்தியாவில் இதைப் பற்றி யாராவது வேலை செய்கிறார்களா?

செய்கிறார்கள். மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் முக்கியமான இடம். 2004 முதல் எபிஸ்டீம் என்ற ஆய்வு மாநாட்டையும் நடத்திவருகிறது. நாடு முழுவதற்குமான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்காகக் கணிதக் கற்பித்தல் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே முக்கிய நோக்கம் என்று சொன்ன அந்த அறிக்கை, பள்ளிக் கல்வியின் குறுகிய நோக்கத்தையும் உயர்ந்த நோக்கத்தையும் பிரித்துக் காட்ட போல்யாவைத்தான் துணைக்கு அழைக்கிறது. பாடநூல்கள் ஓரளவு அந்தப் பக்கம் நகர்ந்தன, தேர்வுத்தாள் அசையவில்லை.

இப்போது புதிதாக எது பேசப்படுகிறது?

கணக்கை உருவாக்குதல். எட்வர்ட் சில்வர், ஜின்ஃபா காய் போன்றவர்களின் ஆய்வுகளால் வளர்ந்த பகுதி. 'பேனா 10 ரூபாய், நோட்டு 35 ரூபாய், கையில் 200 ரூபாய். இதை வைத்து ஒரு எளிய கணக்கு, ஒரு கஷ்டமான கணக்கு உருவாக்கு' என்று கேட்டால், பிள்ளை எதைக் கஷ்டம் என்று நினைக்கிறது என்பதே ஆசிரியருக்குப் பெரிய தகவல்.

கனடாவின் பீட்டர் லில்யெடால் பரப்பிவரும் வகுப்பறை முறையும் பேசப்படுகிறது. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் மும்மூன்று பேராகப் பிரித்து, சுவரில் மாட்டிய ஒயிட்போர்டில் நின்றுகொண்டே யோசிக்க வைப்பது. நின்றால் ஒளிந்துகொள்ள முடியாது, அழிக்க முடிவதால் தப்பு செய்யப் பயம் குறைகிறது. ஆர்வம் கூடுகிறது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. கற்றல் கூடுகிறதா என்று கட்டுப்பாட்டுக் குழு வைத்துச் சோதித்த ஆய்வுகள் இன்னும் போதவில்லை என்பதே விமர்சகர்களின் குறை. அந்தக் குறை நியாயமானது.

சாட்ஜிபிடி எல்லாக் கணக்கையும் போட்டுவிடுகிறது. இனி இதெல்லாம் எதற்கு?

போட்டுவிடுகிறது என்பது உண்மை. 2025 சர்வதேசக் கணித ஒலிம்பியாட் கேள்விகளில் ஆறில் ஐந்தைத் தீர்த்து, தங்கப் பதக்க அளவான 35 மதிப்பெண்ணை கூகுளின் செயற்கை நுண்ணறிவும், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயின் செயற்கை நுண்ணறிவும் எட்டின.

பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கத் துருக்கியில் கிட்டத்தட்ட ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; 2025-ல் இதழில் வெளியானது. சாதாரண சாட்பாட் கையில் இருந்தவர்கள் பயிற்சியின்போது 48 சதவீதம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். பிறகு சாட்பாட்டை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைந்தார்கள். விடையைச் சொல்லாமல் ஆசிரியர் எழுதித்தந்த குறிப்புகளை மட்டும் தரும்படி மாற்றியமைத்த வடிவத்தில் அந்த நஷ்டம் பெருமளவு மறைந்தது. எனக்கு உறுத்தியது வேறொரு விவரம்: நஷ்டப்பட்டவர்களுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றோம் என்பதே தெரியவில்லை. தன் போக்கைத் தானே கவனிக்கும் பழக்கம் என்று ஷோன்ஃபெல்ட் சொன்னது இங்கேதான் காணாமல்போகிறது.

வீட்டில் சாட்பாட்டைத் தடுக்க முடியாது. 'முதலில் பத்து நிமிடம் நீயே முயன்று, எங்கே மாட்டிக்கொண்டாய் என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டு அப்புறம் கேள்' என்ற விதியை வைக்கலாம்.

எம்.எட். ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறேன். எதை எடுக்கலாம்?

'ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கணித அடைவில் சிக்கல் தீர்க்கும் முறையின் தாக்கம்' என்ற தலைப்பை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முன்தேர்வு, பின்தேர்வு, இரண்டு குழு, டி-மதிப்பு. நூலக அலமாரிகளில் இந்த வகை ஆய்வேடு அடுக்கடுக்காக இருக்கிறது. எது ஏன் வேலை செய்தது என்று அவற்றில் தேடினாலும் கிடைக்காது.

தமிழ் வாக்கியக் கணக்குகளில் வேலை நிறைய பாக்கி இருக்கிறது. நாம் 'மீனாவைவிட ராணியிடம் 5 அதிகம்' என்கிறோம். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது முதலிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கடைசியில் வரும். ஹெகார்ட்டி குழு பார்த்த தடுமாற்றம் தமிழ்வழிப் பிள்ளைகளிடம் அதே மாதிரி வருமா, வேறு மாதிரி வருமா? ஐந்தாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகள் போதும். மாங்காய்க் கணக்குபோல எட்டுக் கணக்குகளைத் தயார் செய்துகொள்ளுங்கள். பாதியில் 'அதிகம்' என்றால் கூட்ட வேண்டும், பாதியில் கழிக்க வேண்டும். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துச் சத்தமாக யோசிக்கச் சொல்லி, பள்ளி, பெற்றோர் அனுமதியோடு பதிவு செய்யுங்கள். விடைக்கு மதிப்பெண் போடுவதற்கு முன்பு, அவர்கள் பேசியதை விக்கல், தயக்கம் உட்பட அப்படியே எழுத்தில் கொண்டுவாருங்கள். அதற்கே இரண்டு மாதம் ஆகும், வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.